அன்றாடத்தில் அர்த்தசாஸ்திரம்

(பொன்முடியில் நடந்த நம் சங்க உறுப்பினர் குடும்பச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பொருளாதாரத்தைப் பற்றிப் பேசு, ஆனால் எல்லோருக்கும் புரிகிற மாதிரி பேசு என்று காரியதரிசி உத்தரவு போட்டிருக்கிறார். அந்த "ஆனால்" எனக்குச் சௌகரியம். முப்பத்திரண்டு வருஷம் ஒரு வங்கியின் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பழகியவன் நான். கீன்ஸும் சாமுவேல்சனும் சி.ஏ.ஐ.ஐ.பி. பரீட்சைக்காகப் படித்தது, பரீட்சையோடு போய்விட்டது. கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்றவர்கள் சொல்லிக்கொடுத்தது மட்டும் இன்னும் நினைவிருக்கிறது. அதோடு, ஓய்வு பெற்ற பின் பொழுது போகாமல் படித்த கொஞ்சம் சரித்திரமும் தமிழும் உண்டு. அவ்வளவுதான் என் மூலதனம்.

காலையில் கல்லாற்றைத் தாண்டி, இருபத்திரண்டு கொண்டை ஊசி வளைவுகளையும் எண்ணிக்கொண்டு மேலே வந்தோம். வந்தவுடன் எல்லோரும் டீ குடித்தோம். கீழே விதுராவில் குடித்ததைவிட விலை அதிகம். ஒரு மாமி கேட்டார்: "தேயிலை இந்த மலையிலேதானே விளையறது? இங்கேதானே சல்லிசாக் கிடைக்கணும்?" நியாயமான கேள்வி. ஆனால் டீயின் விலையைத் தேயிலை தீர்மானிப்பதில்லை. பாலும் சர்க்கரையும் காஸ் சிலிண்டரும் வளைவுகளைத் தாண்டி ஏறி வரவேண்டும். அதைவிட முக்கியம், நாம் மேலே வந்துவிட்டோம், குளிருகிறது, பக்கத்தில் நாலு கடை கிடையாது. வாங்குகிறவனுக்கு வேறு போக்கிடம் இல்லை என்று விற்கிறவனுக்குத் தெரிந்துவிட்டால் விலை ஒரு படி ஏறும். ஏர்போர்ட்டில் இட்லி வாங்கியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

விலை என்பதைப் பற்றி நம் பழைய இலக்கியத்தில் ஒரு வேடிக்கையான செய்தி உண்டு. சங்க காலத்தில் உமணர் என்று உப்பு வணிகர்கள் இருந்தார்கள். வண்டியில் உப்பை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போய் நெல்லுக்கு மாற்றுவார்கள். அகநானூற்றில் ஓர் உமணர் வீட்டுப் பெண் தெருவில் கூவிக்கொண்டு போகிறாள். அவள் சொல்லும் கணக்கு ஒரு அளவு நெல்லுக்கு ஒரு அளவு உப்பு. படித்தபோது எனக்கு ஆச்சரியம். உப்பு அவ்வளவு உசத்தியா என்று நினைத்தேன். பிறகு இன்றைய கணக்கைப் போட்டுப் பார்த்தேன். 2025-26 பருவத்துக்குச் சாதாரண நெல்லுக்கு மத்திய அரசு நிர்ணயித்த ஆதார விலை குவிண்டாலுக்கு 2,369 ரூபாய். கிலோவுக்கு இருபத்து நாலு ரூபாய்கூட இல்லை. பொட்டலத்தில் வரும் அயோடின் உப்பு கிலோ இருபத்தைந்து, முப்பது. ஆக, அந்தப் பெண் சொன்ன விலை இரண்டாயிரம் வருஷம் கழித்தும் ஏறக்குறைய அப்படியே நிற்கிறது! அன்று உப்பின் விலையில் பெரும்பகுதி மாட்டு வண்டிக்கும் வழித்துணைக்கும் போயிற்று. இன்று பொட்டலத்துக்கும் விளம்பரத்துக்கும் போகிறது. உப்பளத்தில் வெயிலில் நிற்பவனுக்கும் வயலில் நிற்பவனுக்கும் அன்றும் கொஞ்சம்தான், இன்றும் கொஞ்சம்தான்.

மிளகின் கதை வேறு. எருக்காட்டூர்த் தாயங்கண்ணனார் என்ற புலவர், யவனர்கள் பொன்னோடு முசிறிக்கு வந்து மிளகோடு திரும்பிப் போவதைப் பாடியிருக்கிறார். அதே வியாபாரத்தை மறுகரையில் இருந்து பார்த்தவர் ரோமாபுரியின் பிளினி. அவருக்கு ஒரே வயிற்றெரிச்சல். வருஷா வருஷம் ஐந்து கோடி செஸ்டர்ஸ் நாணயம் இந்தியாவுக்குப் போகிறதே என்று எழுதிவைத்தார். இங்கே பெருமை, அங்கே புலம்பல், வியாபாரம் ஒன்றுதான். டாலரைப் பற்றியும் தங்க இறக்குமதியைப் பற்றியும் இப்போது டி.வி.யில் நடக்கும் விவாதத்துக்குப் பிளினியை அழைத்து உட்காரவைத்தால் அவருக்கு ஒன்றும் புதிதாகத் தோன்றாது.

அந்த மிளகு திருவிதாங்கூரில் மார்த்தாண்ட வர்மா காலத்தில் அரசாங்க ஏகபோகமாயிற்று. விளைவிக்கிறவன் சர்க்காருக்கே விற்கவேண்டும், சர்க்கார் சொன்ன விலைக்கே விற்கவேண்டும். டச்சுக்காரன் கையிலிருந்து மிளகைப் பிடுங்க அந்த நாளில் அது அவசியமாக இருந்திருக்கலாம். படைக்கும் கோட்டைக்கும் பணம் அதிலிருந்துதான் வந்தது. ஆனால் நூறு வருஷம் கழித்தும் ஏகபோகம் தொடர்ந்தது. புகையிலையும் அப்படியே. யாழ்ப்பாணத்திலிருந்தும் திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் கோயமுத்தூரிலிருந்தும் வருகிற புகையிலையைச் சர்க்காரே வாங்கி, சர்க்காரே விற்றது. விலை அதிகம். விலை அதிகமானால் என்ன ஆகும்? கள்ளக் கடத்தல். காவலுக்கு ஆள் போட வேண்டும். காவல்காரனுக்குச் சம்பளம், அவனைக் கண்காணிக்க ஒருவன், அவனுக்கும் சம்பளம். வருமானத்தில் ஒரு பங்கை வருமானத்தைக் காப்பதே தின்றுவிடும்.

1850களில் கஜானா வறண்டு கிடந்தது. நிர்வாகத்தைச் சீர்படுத்தாவிட்டால் ராஜ்யத்தையே எடுத்துக்கொள்வோம் என்கிற தொனியில் கம்பெனியிடமிருந்து எச்சரிக்கை வந்திருந்தது. அந்த நேரத்தில் திவான் பொறுப்புக்கு வந்தவர் டி.மாதவ ராவ். கும்பகோணத்தில் பிறந்த தஞ்சை மராத்தியர். ராஜகுமாரர்களுக்கு வாத்தியாராக வந்தவர். அவர் செய்தது பார்வைக்குத் தலைகீழான காரியம். பணமே இல்லாதபோது பணம் தருகிற ஏகபோகத்தை விட்டார். 1860இல் மிளகு ஏகபோகம் போயிற்று, 1863இல் புகையிலை. மிளகுக்கு ஏற்றுமதித் தீர்வை, புகையிலைக்கு இறக்குமதித் தீர்வை என்று வைத்துப் பிற்பாடு தீர்வையையும் படிப்படியாகக் குறைத்தார். வியாபாரம் பெருகியது. பழைய கடன் சில வருஷங்களில் தீர்ந்தது. திருவனந்தபுரத்தில் செக்ரடேரியட்டுக்கு எதிரே நிற்கிறாரே, அவர்தான். அந்த இடத்துக்குப் பெயரே ஸ்டாச்சு. தினமும் அங்கே பஸ்ஸுக்கு நிற்கிறவர்களில் எத்தனை பேருக்குச் சிலை யாருடையது என்று தெரியும் என்று கேட்காதீர்கள்.

வரியைக் குறைத்தால் வருமானம் ஏறும் என்பதை அமெரிக்காவில் ஒரு பேராசிரியர் கைக்குட்டைத் துணியில் படம் வரைந்து பிரபலமாக்கினார் என்பார்கள். எல்லாச் சமயத்திலும் ஏறாது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். கடத்தலும் ஒளிவும் பெருகுகிற அளவுக்கு வரி உயர்ந்திருந்தால்தான் குறைப்பதில் லாபம். புறநானூற்றில் பிசிராந்தையார் பாண்டியனுக்குச் சொன்ன யானைக் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். சிறிய வயலானாலும் அறுத்துக் கவளமாக்கிக் கொடுத்தால் யானைக்குப் பல நாள் வரும். யானையே வயலில் இறங்கினால் அதன் வாயில் போவதைவிடக் காலில் மிதிபடுவது அதிகம். 2019ஆம் வருஷ பட்ஜெட் உரையில் நிதியமைச்சர் இதை எடுத்துச் சொன்னார். மாதவ ராவ் புறநானூறு படித்திருக்க வழியில்லை, உ.வே.சாமிநாதையர் அதைப் பதிப்பித்தது 1894இல். படிக்காமலே யானையை வயலிலிருந்து இறக்கினார்.

கௌடில்யரும் இதையே தோட்டத்தில் பழுத்த பழத்தை மட்டும் பறிப்பது போல என்று சொல்லியிருக்கிறார். காயைப் பறித்தால் அரசனுக்கும் கேடு. அர்த்தசாஸ்திரம் பல நூற்றாண்டு காணாமல் கிடந்து, மைசூரில் ஷாமசாஸ்திரி 1909இல் பதிப்பித்த பிறகுதான் உலகத்துக்குத் தெரிந்தது. அதற்குப் பின் 1924-25இல் அதை மூன்று பாகங்களாக, ஸ்ரீமூலம் என்ற தன் வியாக்கியானத்தோடு திருவனந்தபுரம் சமஸ்கிருத வரிசையில் கொண்டுவந்தவர் தா.கணபதி சாஸ்திரி. திருநெல்வேலி தருவைக்காரர். பாசனுடைய நாடகங்களைக் கண்டெடுத்தவர் என்று பலருக்கும் தெரியும். இந்தியாவின் பழைய பொருளாதார நூலுக்கு நம்மூர்க் கோட்டைப் பக்கத்தில் உட்கார்ந்து உரை எழுதப்பட்டது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

நம்மவர்கள் பெருமையைச் சொன்னேன். இனி சொல்லப்போவது சிலருக்குக் கொஞ்சம் கசக்கலாம்.

ஊட்டுப்புரை பற்றி நம் தாத்தாக்கள் வாயூறச் சொல்லக் கேட்டிருக்கிறோம். எரிசேரி, காளன், நாலு வகைப் பிரதமன். வழிப்போக்கனாக வருகிற எந்த பிராமணனுக்கும் திருவிதாங்கூரில் சாப்பாடு உண்டு. ஆறு வருஷத்துக்கு ஒருமுறை பத்மநாபசுவாமி கோயிலில் 56 நாள் முறைஜபம். அதற்கு நாலா திசையிலிருந்தும் வருவார்கள். பாண்டிய நாட்டிலிருந்தும் சோழ நாட்டிலிருந்தும் நம் முன்னோர்கள் இந்தப் பக்கம் வந்து நிலைத்ததற்குக் கணக்கு வேலை, சமையல் வேலை, வைதிகம் என்று பல காரணம் உண்டு. பசிக்குப் பயப்பட வேண்டாத ஊர் என்பது அதில் ஒன்று. இலவசச் சாப்பாடு என்று ஒன்று உலகத்தில் கிடையாது என்று பொருளாதாரக்காரர்கள் சொல்வார்கள். ஊட்டுப்புரைச் சாப்பாட்டுக்கும் யாரோ விலை கொடுத்தார்கள். நில வரியும் மற்ற வரிகளும் கட்டிய உழவனும் மரமேறியும் கொடுத்தார்கள். பந்தியில் உட்கார அவர்களுக்கு உரிமை இல்லை. பல இடங்களில் அந்தத் தெருவில் நடக்கவே உரிமை இல்லை. பிரதமன் ருசியாக இருந்திருக்கும், சந்தேகமில்லை. பில் வேறொருவர் பெயரில் போட்டிருந்தது. இப்போது மானியத்தையும் இலவசத்தையும் பற்றி நம் வீட்டு ஹால்களில் காரசாரமாகப் பேசுகிறோமே, அப்போது இதுவும் ஒரு ஓரமாக ஞாபகம் இருந்தால் நல்லது.

சரி, சக்கரத்துக்கு வருவோம். இங்கே எண்பது தாண்டியவர்கள் சிலர் இருக்கிறார்கள். சின்ன வயதில் சக்கரம் பார்த்திருப்பீர்கள். 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு ரூபாய். அதாவது 28 சக்கரம் ஒரு சர்க்கார் ரூபாய். ஆனால் பிரிட்டிஷ் ரூபாய்க்கு இருபத்தெட்டரைச் சக்கரம்! அந்த அரைச் சக்கரம் இருக்கிறதே, அதுதான் அந்நியச் செலாவணியில் திருவனந்தபுரத்துக் குழந்தைகள் கற்ற முதல் பாடம். எல்லையைத் தாண்டித் திருநெல்வேலிக்குக் கல்யாணத்துக்குப் போகிறவர்கள் கணக்கு மாற்றிப் போடவேண்டும். பழைய வெள்ளிச் சக்கரம் மிளகளவு சின்னது. கையால் எண்ண முடியாது. குழி குழியாக வெட்டிய சக்கரப் பலகையில் கொட்டி ஆட்டினால் குழிக்கு ஒன்றாக உட்காரும். மிச்சத்தை வழித்துவிட்டால் எண்ணிக்கை முடிந்தது. இன்று வங்கியில் நோட்டு எண்ணும் இயந்திரத்துக்கு அதுதான் கொள்ளுப்பாட்டி.

இத்தனை நேரம் பேசியது பூர்வாங்கம். நான் முக்கியமாகச் சொல்ல வந்தது வங்கியைப் பற்றி. இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிக்கு மேல் என்னைப் போல வட்டியில் ஜீவிக்கிறவர்கள்.

1906 அக்டோபரில் சென்னையில் அர்பத்நாட் கம்பெனி விழுந்தது. வெள்ளைக்காரக் கம்பெனி, பல தலைமுறைப் பெயர். ஜட்ஜும் வக்கீலும் விதவைகளும் கோயில் தர்மகர்த்தாக்களும் அங்கேதான் பணம் போட்டிருந்தார்கள். லண்டன் கூட்டாளி சூதாட்டம் போன்ற வியாபாரங்களில் பணத்தை விட்டு, ரயில் முன் விழுந்து உயிரை விட்டார். சென்னையில் இருந்த சர் ஜார்ஜ் அர்பத்நாட்டுக்கு ஜெயில். அந்த நஷ்டத்திலிருந்து எழுந்ததுதான் வி.கிருஷ்ணசாமி ஐயரும் நண்பர்களும் 1907இல் ஆரம்பித்த இந்தியன் வங்கி.

நம் ஊர்க் கதை அதற்கு முப்பது வருஷம் பின்னால். கே.சி.மாம்மன் மாப்பிள்ளையின் திருவிதாங்கூர் நேஷனல் பாங்கும் சி.பி.மாத்தனின் கொல்லம் பாங்கும் 1937இல் ஒன்றாகச் சேர்ந்தன. தென்னிந்தியாவின் பெரிய வங்கிகளில் ஒன்றாக ஆயிற்று. அடுத்த வருஷமே, 1938 ஜூன் 21ஆம் தேதி, கதவைச் சாத்திவிட்டது. திவான் சி.பி.ராமசாமி ஐயருக்கும் அந்த வங்கிக்காரர்களுக்கும் இருந்த அரசியல் விரோதம்தான் காரணம் என்று ஒரு கட்சி. வங்கியின் நிர்வாகமே சரியில்லை என்று இன்னொரு கட்சி. இன்றைக்கும் இரண்டு கட்சிக்கும் ஆள் உண்டு, நம் சங்கத்திலும் உண்டு. அதற்குள் நான் போகப்போவதில்லை. இருவரும் ஜெயிலுக்குப் போனார்கள், மலையாள மனோரமா பத்திரிகை மூடப்பட்டது, அந்தக் குடும்பத்துப் பிள்ளை 1946இல் சென்னையில் பலூன் செய்ய ஆரம்பித்து அது எம்.ஆர்.எஃப். ஆயிற்று. இதெல்லாம் தெரிந்த கதை.

எனக்கு அதில் பாடம் வேறு இடத்தில் இருக்கிறது. வங்கி என்றால் என்ன? நீங்கள் நூறு ரூபாய் போடுகிறீர்கள், எப்போது கேட்டாலும் தருவதாக வங்கி சொல்கிறது. அதே நூறில் பெரும்பகுதியை ஒரு தென்னந்தோப்புக்காரனுக்குப் பத்து வருஷத்துக்குக் கடன் கொடுக்கிறது. தென்னை காய்க்காமல் அவனால் திருப்ப முடியாது. எல்லோரும் ஒரே நாளில் வந்து கேட்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தான் கடை நடக்கிறது. ஒரு நாள் யாரோ "அந்த பாங்க் தகராறாமே" என்கிறார். நீங்கள் நம்பவில்லை. ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் நம்பிவிடுவாரே! அவர் முதலில் போய் எடுத்துவிட்டால் நமக்கு மிஞ்சாதே! அதனால் நம்பாத நீங்களும் ஓடுகிறீர்கள். ஊர் முழுக்க இப்படி நினைத்து ஓடினால் யோக்கியமான வங்கியும் சாயங்காலத்துக்குள் விழும். மற்ற வதந்தி பொய்யாக இருந்தால் பொய்தான். வங்கியைப் பற்றிய வதந்தி, நாலு பேர் நம்பினால் மெய்யாகிவிடும்.

பின்னாலே நின்று பணம் கொடுத்துத் தாங்க ஒரு பெரிய கை வேண்டும். ரிசர்வ் வங்கிக்கு அப்போது வயது மூன்றுதான். அந்தக் கை நீளவில்லை. 1960இல் பாலா சென்ட்ரல் பாங்க் விழுந்தபோது மறுபடி கேரளம் அழுதது. அதற்கப்புறம்தான் டெபாசிட் காப்பீட்டுச் சட்டம் வந்தது. 1962 ஜனவரியிலிருந்து ஒருவருக்கு ஒரு வங்கியில் 1,500 ரூபாய்வரை காப்பு. அது ஏறி ஏறி 1993இல் ஒரு லட்சம், 2020 பிப்ரவரியிலிருந்து 5 லட்சம். ஆபத்து வந்து கட்டுப்பாடு விதித்தால் 90 நாளுக்குள் கொடுக்கவேண்டும் என்று 2021இல் திருத்தமும் வந்தது.

இந்த 5 லட்சத்தைக் கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள், மாமிகள் முக்கியமாக. அசலும் வட்டியும் சேர்த்துத்தான் 5 லட்சம். ஒரே வங்கியின் கரமனைக் கிளையில் 4, மாம்பலம் கிளையில் 4 என்று போட்டால் இரண்டும் ஒன்றாகக் கூட்டப்படும். காப்பு 5 தான். வேறு வேறு வங்கி என்றால் வேறு வேறு 5. சிட் பண்டு, நிதி, ஃபைனான்ஸ் கம்பெனி இவற்றுக்கு இந்தக் காப்பு கிடையாது. இன்னொன்று, கேரளத்தில் தெருவுக்குத் தெரு "சர்வீஸ் சககரண பாங்க்" என்று போர்டு தொங்குகிறதே, அது சட்டப்படி தொடக்கக் கூட்டுறவுக் கடன் சங்கம். பேச்சில் பாங்க் என்றாலும் அந்த மத்திய காப்பீடு அதைச் சேராது. மாநில அரசின் தனி உத்தரவாத நிதி ஒன்று உண்டு, அது வேறு ஏற்பாடு. 2021இல் திருச்சூர் மாவட்டம் கருவண்ணூரில் மோசடி வெளிவந்தபோது வரிசையில் நின்ற வயதானவர்களுக்கு இந்த வித்தியாசம் அப்போதுதான் தெரிந்தது. அத்தனை சங்கமும் மோசம் என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலானவை ஒழுங்காகத்தான் நடக்கின்றன. உங்கள் பணம் எந்தக் குடையின் கீழ் இருக்கிறது என்று ரசீதைத் திருப்பிப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறேன்.

என் அத்தை ஒருவர் இருந்தார். தொண்ணூறுகளில் நடந்தது. அத்திம்பேர் காலமானபின் வந்த பி.எஃப். பணம் இரண்டு லட்சம். ஒரு தனியார் ஃபைனான்ஸில் நூற்றுக்கு 21 வட்டி. இந்த ஊரில் அப்படிப்பட்ட கம்பெனிகளுக்கு ஜனங்கள் வைத்த பெயரே பிளேடு கம்பெனி. "அத்தை, பாங்க் பதினொண்ணு தர்றது. மீதிப் பத்து எங்கேர்ந்து வர்றது?" என்று கேட்டேன். "உன் பாங்க் தரமாட்டேங்கறது, அவன் தரான். உனக்கென்னடா?" என்றார். மாதாமாதம் வட்டி வீடு தேடி வந்தது. அதைக் கொண்டு வந்த பையனுக்குக் காப்பியும் உண்டு. இரண்டு வருஷம் ஆயிற்று. ஒரு நாள் ஷட்டர் இறங்கியது, அப்புறம் ஏறவே இல்லை. வட்டியாக அவருக்கு வந்தது 84,000 ரூபாய். யோசித்துப் பார்த்தால் அது வட்டியே இல்லை. அவருடைய சொந்தப் பணத்தையே கொஞ்சம் கொஞ்சமாக அவரிடம் கொடுத்திருக்கிறார்கள். மிச்சம் 1,16,000 போனது போனதுதான். அந்தப் பத்து சதவீதம் என்பது பயத்தின் விலை. பயத்தை நாம் சுமக்கிறோம் என்பதற்காகத் தருகிற கூலி. கூலி வாங்கும்போது சுமை தெரிவதில்லை.

வள்ளுவர் வலியறிதல் அதிகாரத்தில் வரவு குறுகலாக இருந்தாலும் கெடுதல் இல்லை, செலவு விரியாமல் இருந்தால் போதும் என்கிற பொருளில் ஒரு குறள் சொல்லியிருக்கிறார். அதை எங்கள் கிளையில் போர்டில் எழுதிவைத்திருந்தோம், கடன் பிரிவுக்கு நேர் எதிரே. மானேஜர் மாறியதும் அழித்துவிட்டார்; கடன் இலக்கு எட்டவில்லையாம்.

முடிப்பதற்கு முன் இந்த மலைக்காரர்களைப் பற்றிச் சொல்லவேண்டும். மலையைப் பார்க்க வந்துவிட்டு அவர்களைச் சொல்லாமல் போகக்கூடாது.

1987 டிசம்பரில் பி.புஷ்பாங்கதன் தலைமையில் ஒரு விஞ்ஞானிக் குழு அகத்திய மலைக் காட்டுக்குள் போயிற்று. வழிகாட்ட காணி இனத்தவர் சிலர் கூட வந்தார்கள். விஞ்ஞானிகளுக்கு மூச்சு வாங்குகிறது. காணிகள் சாப்பாடுகூடச் சரியாகச் சாப்பிடாமல், ஏதோ ஒரு சின்னப் பழத்தை மென்றுகொண்டு சுறுசுறுப்பாக நடக்கிறார்கள். கேட்டால் சொல்லத் தயக்கம். வெளியாருக்குச் சொல்லக்கூடாத விஷயம். நிறைய நயந்து கேட்ட பிறகு காட்டிய செடிதான் ஆரோக்கியப்பச்சை. செடி தாவர நூல்களில் ஏற்கெனவே இருந்தது. இந்தக் குணம் இருந்தது காணிகளின் தலையில்.

இங்கிருந்து இறங்கினால் பாலோடில் இருக்கிற வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆராய்ச்சி நிலையத்தில் அதை ஆராய்ந்து, அமுக்கரா, திப்பிலி, விஷ்ணுகிரந்தி ஆகியவற்றோடு சேர்த்து 'ஜீவனி' என்ற மருந்தாக்கினார்கள். 1995இல் கோயமுத்தூர் ஆர்ய வைத்ய பார்மஸிக்கு ஏழு வருஷ உரிமம். 10 லட்சம் ரூபாய் கட்டணம், விற்பனையில் 2 சதவீதம் ராயல்டி. இதில் சரிபாதி காணிகளுக்கு என்று நிலையம் முடிவு செய்தது. 1997இல் காணிகளின் பெயரில் ஒரு டிரஸ்ட் பதிவாயிற்று. 1999இல் ஐந்து லட்சத்துக்குச் சற்று மேலான தொகை அதன் கணக்கில் வந்தது. உயிரினப் பன்மைக்கான ஐ.நா. உடன்படிக்கை 1992இல்தான் கையெழுத்தாகியிருந்தது. பாரம்பரிய அறிவு உடையவனுக்குப் பங்கு தரவேண்டும் என்று அதில் எழுதியதை உலகத்தில் முதலில் செய்து காட்டிய சில இடங்களில் இது ஒன்று என்று எல்லா நாட்டுப் பாடப்புத்தகத்திலும் ஏறிவிட்டது.

பாடப்புத்தகத்தோடு நிறுத்தாமல் கொஞ்சம் கணக்குப் போடுவோம். 2 சதவீதத்தில் பாதி 1 சதவீதம். மருந்து நூறு ரூபாய்க்கு விற்றால் காணிக்கு ஒரு ரூபாய். அதுவும் மருந்து விற்றால். விற்க இலை வேண்டும். காணிகள் பயிரிட்டுக் கொடுக்கத் தயார். ஆனால் செடி காட்டுச் செடி, இலை வனப்பொருள், எடுத்துப் போக அனுமதி இல்லை என்று வனத்துறை தடுத்தது. காட்டு நிழலை விட்டு வெளியே வளர்த்தால் குணம் சரியாக வருவதில்லை என்றார்கள். திருட்டுத்தனமாகச் செடியை வேரோடு பிடுங்குகிறவர்கள் வேறு. அமெரிக்காவில் ஒரு கம்பெனி 'ஜீவனி' என்ற பெயரையே வணிகச் சின்னமாகப் பதிவு செய்துகொண்டது. இன்னொரு பக்கம், வேறு ஊர்க் காணிகளின் வைத்தியர்கள், பிளாத்தி என்பார்கள், எங்கள் வித்தையை விற்க உங்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது என்று எதிர்ப்புத் தெரிவித்தார்கள். வழிகாட்டப் போன இரண்டு மூன்று பேர் சொன்ன ரகசியம் எல்லாக் காணிகளுக்கும் சொந்தமா? சொந்தமென்றால் கையெழுத்துப் போடுவது யார்? நிலத்துக்குப் பட்டா உண்டு, வீட்டுக்குப் பத்திரம் உண்டு. அறிவுக்கு எல்லைக்கல் நடுவது எப்படி? அறிவு ஒரு விசித்திரமான சொத்து. பசுவைக் கொடுத்தால் நம்மிடம் பசு இருக்காது. வித்தையைச் சொன்னால் நம்மிடமும் இருக்கும், விலை மட்டும் போய்விடும். சொல்லாதவரை அது சொத்து; சொன்ன நிமிஷம் அது தர்மம்.

நம் வீடுகளிலும் இது நடக்கிறது. பாட்டி கைமுறையாகச் செய்த லேகியமும் சாம்பார்ப் பொடியும் இன்று யாரோ ஒருவருடைய பிராண்டு. பாட்டிக்கு ராயல்டி யாரும் கொடுக்கவில்லை. பாட்டி எதிர்பார்க்கவும் இல்லை, அவளுக்கு வேறு சாப்பாட்டு வழி இருந்தது. காணிக்கு அப்படி இல்லை. அவனிடம் விற்கக்கூடிய பொருள் அது ஒன்றுதான்.

நாம் ஏறி வந்த வழியில் கல்லாற்றில் இருக்கிறார் லட்சுமிக்குட்டி என்ற காணி வைத்தியர். நூற்றுக்கணக்கான மூலிகை முறைகளை மனத்திலேயே வைத்திருப்பவர், விஷ வைத்தியத்தில் பெயர் பெற்றவர். 2018இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். பத்மஸ்ரீ கிடைப்பதற்கு முன்னாலும் காட்டுக்குள் தேடிப் போய் வைத்தியம் செய்துகொண்டு திரும்பியவர்கள் ஏராளம். அந்த அறிவுக்கு என்ன விலை போடுவது என்று எந்த அர்த்தசாஸ்திரத்திலும் நான் பார்த்த வரையில் இல்லை.

கேள்வி நேரத்தில் ஒருவர், ஆரோக்கியப்பச்சை இங்கே கிடைக்குமா, மூட்டு வலிக்கு நல்லதா என்று கேட்டார். அது மூட்டு வலிக்கு என்று யாரும் சொல்லவில்லை. காட்டில் இலை பறிப்பது குற்றம். கீழே இறங்கும்போது செக்போஸ்ட்டில் பையைத் திறந்து பார்ப்பார்கள். மிளகு வேண்டுமென்றால் நெடுமங்காட்டுச் சந்தையில் பஸ் பத்து நிமிஷம் நிற்கும் என்று காரியதரிசி சொல்கிறார். பேரம் பேசி வாங்குங்கள். ஏகபோகம் 1860இலேயே போய்விட்டது.